துரையின் தொட்டியில் ஈரம்

வியாழக்கிழமை காலை பல் தேய்த்த கையோடு கூடத்துக்கு வந்தவன், கண்ணாடித் தொட்டியில் ஒட்டியிருந்த ஈரப்பத மீட்டரைப் பார்த்து நின்றான். தொண்ணூற்றிரண்டு. இரண்டு நாளாக அவன் தொட்டிக்குத் தண்ணீரே அடிக்கவில்லை.

தொட்டிக்குள் இருந்தது பல்லி. சுவரில் ஓடுகிற ரகம் இல்லை. அவன் மனைவி ஆசை ஆசையாக வளர்த்த, எதற்கும் அசராத, மஞ்சள் நிறப் பல்லி. அதன் தோரணையைப் பார்த்து மகள் துரை என்று பெயர் வைத்திருந்தாள். துரைக்கு எல்லாம் அளவோடு வேண்டும். ஈரம் அறுபதுக்குக் கீழே போனால் தோல் சரியாக உரியாமல் விரல்களை இறுக்கும். எண்பதுக்கு மேலே ஏறி அப்படியே நின்றால் நெஞ்சில் சளி கட்டும். இதையெல்லாம் மனைவி ஓர் அட்டையில் எழுதித் தொட்டி மேல் ஒட்டியிருந்தாள். அவள் போய் ஐந்து வாரம் ஆகிறது.

அவன் அழவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், தட்டில் இருந்ததைத் தின்றான், கட்டை மாதிரி படுத்தான். எட்டு வயது மகளை அக்கா தன் வீட்டில் வைத்திருந்தாள். மகள் தினமும் போனில் கேட்பது ஒன்றுதான்.

"அப்பா, துரை உயிரோட இருக்கா?"

"இருக்கும்மா. ஜம்முனு இருக்கு."

சனிக்கிழமை அவள் வருகிறாள். அதுவரை இதையாவது சாகவிடக் கூடாது. அவனுக்குள் மிச்சம் இருந்த கவலை அது மட்டும்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா போனிலேயே பிடித்துக்கொண்டாள். "நீயே அடிச்சிட்டு மறந்திருப்படா. நீ இருக்கற இருப்புக்கு, காபில உப்பப் போட்டுக் குடுத்தாலும் குடிச்சிட்டுப் போய்டுவ."

இருக்கலாம். தொட்டிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் மட்டத்துக்குப் பேனாவால் ஒரு கோடு போட்டான். மீட்டரைச் சோதிக்க மனைவி ஒரு வழி வைத்திருந்தாள்: நனைத்த உப்பை ஒரு மூடியில் வைத்து, மீட்டரோடு டப்பாவில் இறுக்கி மூடினால், மறுநாள் எழுபத்தைந்து காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அச்சாக எழுபத்தைந்து. திரும்பத் தொட்டியில் வைத்த பத்தாவது நிமிடம், தொண்ணூற்றாறு.

பாட்டிலில் தண்ணீர் கோட்டை விட்டு இறங்கவில்லை. ஆனால் உள்ளே பரப்பியிருந்த பாசியைப் பிழிந்தால் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது, அதுவும் வெதுவெதுப்பாக. தூங்கி எழுந்தவர் முகத்தருகே குனிந்தால் வருமே, அந்த வாடை அதில் இருந்தது. துரை மேல் மூலையில் கம்பிவலையைப் பிடித்துத் தொங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் அதன் தொண்டையில் சின்னதாக ஒரு கிளிக்.

பல்லியை எடுத்து, காற்றோட்டமான டப்பாவில் விட்டுச் சமையலறையில் வைத்தான். பாசியை வாரிக் குப்பையில் போட்டான். தொட்டியைத் துணியால் பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தான். 'ஈரம் ஜாஸ்தியானா கதவைத் தெறந்து வைங்க' என்றது அட்டை. தொட்டியின் கண்ணாடி முன்கதவை ஒரு சாண் நகர்த்திவிட்டு வேலைக்குப் போனான்.

சாயங்காலம் திரும்பியபோது ஜன்னல்கள் வியர்த்திருந்தன. கொடியில் காய்ந்த சட்டை நமுத்திருந்தது. காலித் தொட்டியின் கண்ணாடியில், உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்மை.

அது சுருங்கியது. மறைந்தது. மறுபடி வந்தது.

அவனுக்கு அந்தக் கணக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள், மனைவியின் ஆக்சிஜன் முகமூடி அவள் மூச்சில் வெளுப்பதையும் தெளிவதையும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவன் அவன். ஒரு தடவை தெளிந்தது, பிறகு வெளுக்கவே இல்லை.

இப்போது வெளுத்தது. கதவை மூட வேண்டும் என்று தெரிந்தது. கை கதவு வரை போயிற்று. மூடினால் நின்றுவிடுமோ?

மூடவில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் கார் சத்தம். அக்கா பையை இறக்கிக்கொண்டிருக்க, மகள் செருப்போடு உள்ளே ஓடினாள். அவன் சமையலறைக்குப் போய்த் துரையின் டப்பாவை எடுத்தான். கிளிக் நின்றிருந்தது, பல்லி தெளிவாகப் பார்த்தது. காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தான். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"பாப்பா, துரை இங்க இருக்கு பாரு."

டப்பாவோடு கூடத்துக்கு வந்தான்.

அவள் தொட்டி முன்னால் நின்றிருந்தாள். கன்னம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. கதவு இடுக்கில் கையை விட்டிருந்தாள். தோள் வரை. தொட்டி ஒரு முழம்கூட ஆழமில்லை. அதற்குப் பின்னால் சுவர்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா இழு அம்மா," என்றாள், கண்ணாடியைப் பார்த்து. "கை வலிக்குதில்ல?"

டப்பா விழுந்தது. இடுப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். கண்ணாடி வெளுத்தது. தெளிந்தது. வெளுத்தது. வேகமாக. இன்னும் வேகமாக.

அவள் சிரிப்பு நின்றது.

"அப்பா."

அவளுடைய இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பின.