றுஸைனா அழைத்த விருந்தாளிகள்

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு எங்கள் ரோட்டுப் பெண்கள் வேன் பிடித்து எல்கடுவப் பக்கம் போனோம். அருவியில் குளித்து, கட்டிக்கொண்டு போன புரியாணியைத் தின்றுவிட்டு வருவதுதான் திட்டம். வழியில் மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோரையும் பார்ப்போம் என்று கிளப்பிவிட்டவள் றிப்கா. எண்பத்தொன்பது கலவரத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போன இளம் பொடியன்மாரை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்களாம். உள்ளே போனவர்கள் திரும்பவில்லையாம்.

"போட்டோ எடுக்க நல்ல இடம்" என்றாள். நானும் தடுக்கவில்லை. எதையாவது பார்க்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காவல்காரர் நல்லையா பூட்டைத் திறந்தார். "சத்தம் போடாம பாத்துட்டு வந்துருங்கம்மா" என்றவர், தான் மட்டும் உள்ளே வரவில்லை.

மேல்மாடி, தொழிற்சாலை ஓடிய காலத்தில் கொழுந்து வாட்டிய இடம். வெளியே நல்ல வெயில்; உள்ளே ஈரச் சுவர் வாடை, அதற்கடியில் பழந்தேயிலை வாடை. மரத்தூண்களில், முழங்கால் உயரத்தில், நகத்தால் கீறிய தடங்கள். றிப்கா தலையைச் சரித்து ஒரு செல்பி எடுத்தாள். எடுத்ததைப் பார்க்காமலே போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு றுஸைனாவுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனையும் பெருநாளைக்கு வரச்சொல்லி அழைப்பாள். ஆளில்லாத இடத்துக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்வது எங்கள் வழக்கம், சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். இறங்கும்போது படியில் திரும்பி நின்று, வெறும் மாடியைப் பார்த்து, வாய்ப்பழக்கத்தில் சொன்னாள்:

"அப்ப வாறோம். மாத்தளைக்கு வந்தா வீட்டுக்கு வாங்க."

நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

மேலே பலகை ஒன்று மெல்லக் கிறீச்சிட்டது.

அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அங்கே பார்த்ததை நினைத்து எங்களுக்கும்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, பிறகு சரியாகிவிட்டது. இவளுக்குச் சரியாகவில்லை. அவளுடைய சாச்சி, உம்மாவின் தங்கை, மௌத்தான துக்கச் செய்தி வந்தபோது "அப்படியா" என்றுவிட்டு வெங்காயம் உரித்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வெங்காயத்துக்குக்கூட இல்லை.

சீனி கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். நடுவீட்டில் சுவரோரமாக, உடம்பை ஒடுக்கிப் பக்கவாட்டில் நடந்தாள். நெரிசலான பஸ்ஸில் இறங்குகிறவளைப் போல. பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன புள்ள, இவ்வளவு கதிர ஈக்கே?"

"இடமில்ல, ராத்தா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அத்தனை கதிரையும் காலியாகத்தான் இருந்தன.

அந்த நேரம் பார்த்து றுஸைனாவின் மகள் நுஸ்ரா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. உம்மா அதை ஒருமுறை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், நுஸ்ராவுக்கு வேண்டியது அவ்வளவுதான். றுஸைனாவோ தபாலில் வந்த பொதியைப் போல் பிள்ளையை வாங்கினாள், அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"உம்மாக்கு என்ட புள்ள மேல ஒண்டுமே இல்ல, மாமி" என்று நுஸ்ரா என்னிடம் அழுதாள்.

நான் றுஸைனாவைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"தொட்டிலச் சுத்தி நிக்கிறாங்க, ராத்தா. எல்லாம் இளம் பொடியன்மார். புள்ளயவே பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க."

"உனக்குப் பயமில்லயா?"

"ஒண்டும் தெரியல்ல. மரத்துப் போச்சு."

போய்ப் பார்த்தேன். பட்டப்பகல். காற்றில்லை. சீலைத் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே கால் வைத்ததும் நின்றது.

மெல்ல மெல்ல அல்ல. யாரோ பிடித்து நிறுத்தியதைப் போல.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியும்வரை நுஸ்ரா காத்திருக்கவில்லை. புருஷன் ஸியாம் தங்கள் ஊர் நாலந்தாவிலிருந்து ஓட்டோவைக் கொண்டுவந்தான். ஒரே ஒரு பை. பிள்ளையோடு ஏறிக்கொண்டாள். றுஸைனா காய்ந்த முகத்தோடு வாசலில் நின்றாள்.

ஓட்டோ நகர்ந்ததும் அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"என்ட புள்ளே!"

தெருவே கேட்கும்படி அழுதாள். சாச்சிக்கும் சேர்த்து அழுதாள். என்னைக் கட்டிக்கொண்ட கைகள் சூடாக இருந்தன. ஆள் திரும்பி வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ் என்று நான் அவள் முதுகைத் தடவினேன். அவள் என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் பார்த்தாள். அழுகை நின்றது.

"ராத்தா, வீட்டுல ஒருத்தருமில்ல."

இருவரும் ரோட்டைப் பார்த்தோம்.

சின்ன ஏற்றம்தான். ஓட்டோ முதல் கியரில் முக்கி முனகிக்கொண்டிருந்தது. பின்பக்கம் தார் ரோட்டில் உரசும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

பின்னால் இருந்ததோ ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் மட்டும்தான்.

"நுஸ்ரா! இறங்கு!" றுஸைனா செருப்பில்லாமல் ஓடினாள். ஓட்டோ மேட்டைத் தாண்டி மறைந்தது.

அந்தப் பக்கமிருந்து பிள்ளை வீரிட்டு அழுவது கேட்டது. பிறகு, பல கைகள் மாறி மாறி வாங்கிக்கொள்வதைப் போல, அந்த அழுகை இங்கும் அங்குமாக அசைந்து அடங்கியது.