தூரத்து கிளினிக்கில்...

"நீங்களா...?"

குரல் கேட்டதும் அவளுக்கு உயிரே போய்விட்டது.

இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடிக்கு வந்து டி.பி. மாத்திரை வாங்குகிறாள். அம்மாவின் ஏற்பாடு. வீட்டுப் பக்கத்திலேயே கிளினிக் உண்டு. ஆனால் அங்கே எல்லாம் தெரிந்த முகங்கள். 'ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும்... உன்னைப் பெண் கேட்டு எவனும் நம்ம வாசல் மிதிக்க மாட்டான்!'

இவ்வளவு தூரம் வந்தும், பெஞ்சின் அடுத்த முனையில்... அவள் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்!

அவனும் மாஸ்க்தான். மேலே இரண்டு கண்கள்... மழை கழுவிவிட்டது போல.

"யாருன்னு நினைச்சுப் பேசறீங்க?"

"மாஸ்க் போட்டா தெரியாதா? அந்த ஃப்ரேமை வளைச்சு உங்க காதுல மாட்டினதே நான்தானே, லைப்ரரி மேடம்!"

மாத்திரை வாங்காமலே மழையில் இறங்கி ஓடினாள்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "தெருவெல்லாம் டமாரம் அடிச்சிடுவான்! இனி அந்தப் பக்கமே போகாதே. இருமல்தான் நின்னுடுச்சே?"

நின்றுவிட்டதுதான். ஆனால் பாதியில் விட்டால் நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கையிலிருந்த மாத்திரையும் தீர்ந்தது. தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று பட்டது.

அவன் லைப்ரரிக்கே வந்து நின்றான்.

"என்ன புத்தகம் வேணும்?" அவள் நிமிரவில்லை.

"புத்தகம் வேணாம், சண்டை வேணும். மாத்திரை வாங்காம ஏன் ஓடினீங்க?"

"மெதுவா...! யார் யார்கிட்ட சொன்னீங்க?"

"நல்லா கேட்டீங்க. நான் அங்கே கண்ணாடி விக்கவா வந்தேன்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "உங்களுக்குமா...?"

"எங்க அண்ணி ஏற்பாடு. இருமற ஆள் மாட்டிவிடற கண்ணாடியை எவன் போட்டுக்குவான், கடை படுத்துடும்னு துரத்திவிட்டாங்க. ஒரே தெரு, ஒரே நோய்... ரெண்டு பேரும் ஊரைச் சுத்தி ஒளிஞ்சு விளையாடியிருக்கோம்!"

சிரித்துவிட்டாள். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு...

மறுநாள் சேர்ந்தே போனார்கள். நர்ஸ் முதலில் அவளை வெளுத்து வாங்கினாள். பிறகு, அன்று அவள் பார்க்காமல் ஓடிய ரிப்போர்ட்டை எடுத்தாள்.

"தப்பிச்சே. சளியில கிருமி இல்லை. மிச்ச மாத்திரையை ஒரு வேளைகூட விடாம முழுங்கு, பூரணமா குணமாயிடும்."

அவளுக்கு மூச்சு நெஞ்சின் அடிவரை இறங்கியது. இத்தனை மாதமாக அரை மூச்சில்தான் வாழ்ந்தாளா?

படியில் நின்றாள். "உங்க மாத்திரையை வாங்கலையே?"

"எனக்கு அன்னிக்கே முடிஞ்சிருச்சு. குணமாயிட்டேன்னு அனுப்பிட்டாங்க."

"அப்ப இன்னிக்கு எதுக்கு...?"

"நீங்க பாதியில விட்டுடக் கூடாதேன்னு..." அவன் மழையைப் பார்த்தான். "அது பாதி உண்மை. மீதி... உங்களைப் பார்க்கத்தான். வேற காரணமே இல்லை."

அவள் கையில் போன் அலறியது.

"எங்கடி இருக்கே?"

"கிளினிக்லம்மா."

"ஐயோ! அந்தக் கண்ணாடிக்காரன் கண்ணுல படாம வந்துடு!"

அவனைப் பார்த்தாள்.

"பட்டாச்சும்மா. பக்கத்துலதான் நிக்கறார். எல்லாம் தெரிஞ்சவர்... எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்."