எட்டாவது லேன்

அதான் சொல்றேனே, அந்தச் செவப்பு டிராக்கை முதல்ல பார்த்தது நான்தான். அண்ணன் இல்ல. அவன் பஸ்ல வாயைத் திறந்துக்கிட்டு தூங்கிட்டு இருந்தான்.

ரெண்டு வருஷம் ஆச்சு. அப்ப நான் ஆறாவது. ஸ்கூல்ல நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தாங்க. தொண்ணூறு செகண்டுக்குள்ள முடிச்சா டீம்ல சேர்ந்துடலாம்.

"மூணு வாரம் இருக்கு. எங்கயாவது ஓடிப் பழகுங்க"ன்னு விளையாட்டு மிஸ் சொல்லிட்டாங்க.

எங்கயாவதுன்னா எங்க? நாங்க இருந்தது நாலாவது மாடி. கீழ பார்க்கிங்ல ஓடினா செக்யூரிட்டி விசில் ஊதினார். பார்க்ல 'ஓடக் கூடாது'ன்னு போர்டு. கடைசியா அண்ணன் என்னை ஒரு பெரிய ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போனான்.

கேட்ல இருந்தவர், "மெம்பர் கார்டு இருக்கா?"ன்னார்.

"லைப்ரரி கார்டு இருக்கு"ன்னான் அண்ணன்.

அவர் சிரிக்கவே இல்ல.

திரும்பி வர்றப்பதான் பஸ் மேம்பாலத்துல ஏறுச்சு. ஜன்னல் வழியா கீழ பார்த்தா, தண்ணி டேங்குக்குப் பின்னாடி முட்டை வடிவத்துல ஒரு செவப்புத் தரை. வெள்ளைக் கோடு எல்லாம் போட்டிருக்கு.

"அண்ணா, எந்திரி. டிராக்கு."

"கனவு கண்டியா வாண்டு?"

"தூங்கினது நீ."

அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஓடினோம். துருப்பிடிச்ச கேட்டு, திறந்தே இருந்துச்சு. பக்கத்துல போர்டு. 'எல்லோரும் வரலாம். இலவசம். உள்பக்க இரண்டு லேன் ஓடுபவர்களுக்கு. மற்றவை நடப்பவர்களுக்கு.'

அண்ணன் 'இலவசம்'ங்கறதை மூணு தடவை படிச்சுட்டு, போர்டுக்குப் பின்னாடி வேற ஏதாவது எழுதியிருக்கான்னு கூடப் பார்த்தான்.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு அங்க இருந்தோம். ஆனா ஓடுற லேன்ல ஆள் இருந்தாங்க. கால்ல ஆபரேஷன் ஆன ஒருத்தர். ஒரு கையில ஊன்றுகோல், இன்னொரு கை உள்பக்கக் கம்பியைப் பிடிச்சிருக்கு. ரெண்டாவது லேன்ல அவர் வீட்டம்மா, தண்ணி பாட்டிலோட கூடவே நடந்து வந்தாங்க.

அவர் பேக்கரி வச்சிருக்கறவராம். நாலு மாசமா கடைக்குப் போகலையாம்.

அண்ணன் என் காதுல, "போர்டைக் காட்டு. உன் லேன் அது"ன்னான்.

போர்டை அவரும் பார்த்திருப்பார் போல. என்னைக் கண்டதும் கம்பியை விட்டுட்டு நகரப் பார்த்தார். கால் நடுங்குச்சு. கம்பி அந்தப் பக்கம் மட்டும்தான் இருந்துச்சு.

"அங்கிள், நீங்க இங்கயே நடங்க. எனக்கு எந்த லேனா இருந்தா என்ன?"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நடுவுல எல்லா லேன்லயும் நாலு நாலு பேரா கதை பேசிக்கிட்டு நடந்தாங்க. சுவரோரம் எட்டாவது லேன் மட்டும் காலி. அதுல மரத்து இலை கொட்டிக் கிடக்கும், யாரும் வர மாட்டாங்க. வெள்ளைக் கோட்டுல ஆரம்பிச்சு, சுத்தி வந்து அதே கோட்டைத் தொட்டேன்.

"நூத்தி மூணு"ன்னான் அண்ணன், போனைப் பார்த்து.

அந்த மூணு வாரத்தை இப்ப நினைச்சாலும் இலை நசுங்கற சத்தம் காதுல கேக்குது. வீட்டுக்கு வந்தா என் சாக்ஸ் செவப்பா இருக்கும். அம்மா அதை ரெண்டு விரல்ல தூக்கி, "இது துணியா, செங்கல்லா?"ன்னு கேப்பாங்க.

நூத்தி மூணு நூறாச்சு. நூறு தொண்ணூத்தி ஏழாச்சு. அதுக்கப்புறம் அசையவே இல்ல. கடைசி நாளும் அதேதான். மறுநாள் செலக்‌ஷன்.

"ஏழு செகண்டு வாண்டு. ஒரே நாள்ல எப்படிக் குறைப்ப? பேசாம வயித்து வலின்னு சொல்லிடு."

எனக்கு அழுகை வந்துடுச்சு. அதை அவன் பார்க்கக் கூடாதுன்னு எந்திரிச்சு பேக்கரி அங்கிள்கிட்ட போனேன். அன்னிக்கு அவர் வீட்டம்மா வரல. தண்ணி பாட்டிலை வாங்கிக்கிட்டு நானே கூட நடந்தேன்.

அவர் அடியை எண்ணிக்கிட்டே நடப்பார். "எண்ணினா வலி தெரியாது"ன்னார். நானும் என் அடியை எண்ணினேன். ஒரு சுத்துக்கு அறுநூத்தி அறுபது.

சும்மா இருக்க முடியல. என் எட்டாவது லேன்ல எத்தனை வரும்னு அதே மாதிரி நடந்து எண்ணினேன். எழுநூத்தி நாப்பத்தெட்டு.

தப்பா எண்ணிட்டேன் போலன்னு திரும்ப நடந்தேன். எழுநூத்தி அம்பது.

"அண்ணா, இந்த லேன் பெருசு."

"எல்லாம் ஒரே அகலம்தான்."

"அகலம் இல்லடா, சுத்து. நீ தட்டோட நடுவுக்குப் பக்கத்துல விரலால ஒரு சுத்து சுத்து, அப்புறம் ஓரத்துல சுத்து, ஓரம்தான் நீளம். உள் லேன்தான் நானூறு. இத்தனை நாளும் நான் எம்பத்தெட்டு அடி கூட ஓடியிருக்கேன்."

அவன் வாயைத் திறந்தான். இந்த வாட்டி தூக்கம் இல்ல.

செலக்‌ஷன் வேற ஒரு ஸ்கூல் மைதானத்துல. ஒவ்வொருத்தரா முதல் லேன்ல ஓட விட்டாங்க. நான் ஓடி முடிச்சதும் மிஸ் வாட்சைத் தட்டிப் பார்த்தாங்க. எம்பத்தாறு.

அன்னிக்கு சாயங்காலமே டிராக்குக்குப் போய்ச் சொன்னேன்.

பேக்கரி அங்கிள், "அப்ப நீ டீம்ல சேர்ந்தது என்னாலதான்?"ன்னார்.

"உங்களாலதான் மூணு வாரமா மூச்சு வாங்கினேன்."

அவர் சிரிச்ச சிரிப்புல ஊன்றுகோலே கீழ விழுந்துடுச்சு.

போன வருஷம் அந்த டிராக்கை மூடிட்டாங்க. புதுத் தரை போட்டு, போன வாரம்தான் திறந்தாங்க. இப்ப நீல கலர். மரம் மட்டும் அதேதான்.

இன்னிக்கு நான் வந்தப்ப ஒருத்தர் எட்டாவது லேன்ல கையை வீசி நடந்துக்கிட்டு இருந்தார். ஊன்றுகோல் இல்ல. என்னைப் பார்த்ததும், "முதல் லேனை உனக்குன்னே காலியா வச்சிருக்கேன்மா"ன்னார்.

முதல் லேன் புத்தம் புதுசா மின்னுது. எட்டாவதுல பழையபடி இலை கிடக்குது. நான் கோட்டுல நின்னுக்கிட்டே இருக்கேன், கால் எந்தப் பக்கமும் போக மாட்டேங்குது. நீங்களா இருந்தா எதுல ஓடுவீங்க?