வற்றத்தில் போனவன்

ரஞ்சன் காபி டம்ளரை மேஜையில் வைத்தான். இடது கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், அங்கே இல்லாத கூந்தலை அள்ளித் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டான்.

வசுமதி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் முடி கொட்ட ஆரம்பித்துவிட்ட நாற்பது வயது ஆண்பிள்ளை. கல்கத்தாப் புழுக்கத்தில் கழுத்து வேர்க்கும்போது நீண்ட கூந்தல்காரி செய்கிற காரியம் அது. வசுமதிக்கே தோள்வரைதான் முடி. அவள்கூட அப்படிச் செய்ததில்லை.

பதினோரு வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அவன் உடம்பின் பழக்கமெல்லாம் மனப்பாடம். அந்தமான் பக்கம் ஆராய்ச்சிக் கப்பலில் மூன்று வாரம் இருந்துவிட்டு டாக்குரியா வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. காபியில் சர்க்கரை வேண்டாம் என்றான். உட்காரும்போது தொடைக்கருகே எதையோ ஒதுக்கிக்கொள்வதுபோல ஒரு கை போனது. தூக்கத்தில் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டான். ஒட்டி வாழ்ந்தால்தான் ஒருவர் பழக்கம் இன்னொருவருக்குத் தொற்றும். அப்படி ஒட்டிக்கொள்ள எவளுக்கு இடம் கொடுத்தான்?

அப்புறம் அந்தக் குளியலறை. தினமும் ஒரு தடவை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வான். வியாழக்கிழமை பன்னிரண்டு ஐம்பதுக்கு. வெள்ளிக்கிழமை ஒன்று நாற்பதுக்கு. நேற்றைவிட இன்று ஐம்பது நிமிஷம் தள்ளி, நாளை இன்னும் ஐம்பது நிமிஷம் தள்ளி. ஊருக்குத் தெரியாமல் பேச நினைப்பவர்கள்தான் இப்படி நேரத்தை நகர்த்துவார்கள் என்று நினைத்தாள். கதவில் காதை வைத்தால், லோக்கல் ரயிலின் தடதடப்பு ஓய்ந்த பிறகு, குழாய் திறக்காமலே தண்ணீர் சுவரில் மோதும் மெல்லிய ஓசை. பேச்சுக் குரல் இல்லை. யாரோ சொல்வதை அவன் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற அமைதி மட்டும்.

அவன் பையில் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. பக்கம் முழுக்கத் தேதிகள், நேரங்கள். மேலே இரண்டே தமிழ்ச் சொற்கள்: 'வெளியே', 'உள்ளே'. அலுவலகத்தில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; மறைக்கத்தான் தமிழில் எழுதியிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு நேராக 'வெளியே' 14:00 என்றிருந்தது. அவன் தாழ் போட்டுக்கொண்ட நேரத்தை ஒட்டித்தான். அவளிடம் போகிற நேரத்தை எழுதி வேறு வைத்திருக்கிறான். வசுமதி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் லேக் மார்க்கெட் காபிப்பொடிக் கடையில் ஸ்மிதாவுக்காகக் காத்திருந்தாள். ரஞ்சனின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அதே கப்பலில் போனவள். தமிழ்ப் பெண்தான்; ஆனால் வங்காள வழக்கப்படி அவனை 'தா' என்றும், இவளை அண்ணி என்ற பொருளில் 'பௌதி' என்றும் கூப்பிடுவாள். அவள் வந்ததும் வசுமதி முதலில் தலையைத்தான் பார்த்தாள். பையனைப் போல ஒட்ட வெட்டிய கிராப். நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

"பௌதி! ரஞ்சன்தாவை வீட்டிலேயே கட்டிப்போட்டு வெச்சிருக்கேளா? ஆபீஸ் பக்கமே காணோம்!"

"கட்டினா நிக்கற ஆளா அவர்? கப்பல்ல என்ன நடந்தது, ஸ்மிதா?"

ஸ்மிதாவின் சிரிப்பு நின்றது. "உங்ககிட்ட சொல்லலையா? தண்ணில விழுந்துட்டார். தீவுகளுக்கு நடுவுல கடல் வத்தற நேரம். ஆத்து வெள்ளம் மாதிரி இழுத்துண்டு வெளிப் பெருங்கடலுக்குப் போயிடுத்து. ஆறு மணி நேரம் தேடினோம். அப்புறம் தண்ணி திரும்பி ஏறறது, இவரும் கப்பல் பக்கத்துலயே வந்து மிதக்கறார். உயிரோட!"

தன்னிடம் சொல்லாததை இவளெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறாள் என்பதுதான் வசுமதிக்கு முதலில் சுருக்கென்றது.

"போன தண்ணிதானே திரும்பி வரும்?"

"அதுதான் இல்ல. அதை அளக்கத்தானே போனோம். போறது அத்தனையும் திரும்பாது. கொஞ்சம் பெருங்கடல்ல கலந்து அங்கேயே தங்கிடும். அதுக்குப் பதிலா வேற தண்ணி வரும். அளவு என்னவோ அதேதான், பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஆனா நாளாக ஆக, உள்ளே பழசு ஒண்ணும் மிஞ்சாது."

பஸ்ஸில் வரும்போது வசுமதிக்குப் பயம் வரவில்லை. அவனிடமிருந்து போனதெல்லாம் இப்போது எவளிடம் இருக்கிறது என்ற எரிச்சல்தான் வந்தது. நாளை அந்த நேரத்துக்கு அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டுக்கூட வெளியே போக விடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குளியலறைத் தாழ்ப்பாளின் திருகாணிகளைத் தளர்த்தி வைத்தாள். போனில் எடுத்த படத்தை ஸ்மிதாவுக்கு அனுப்பி, 'வெளியே போறது இந்த நேரம்தானே?' என்று கேட்டாள். பதில் வரவில்லை. மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று இருபதுக்கு ரஞ்சன் எழுந்து உள்ளே போனான். அவள் ஒரு நிமிஷம் பொறுத்துத் தள்ளினாள். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

உப்பு வாடை. ஈரச் சேற்றின் வாடை. வாளியில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. ரஞ்சன் சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தான்.

"வசு, போயிடு. அவ வர நேரம்."

இத்தனை நாளாக அவள் காத்திருந்த ஒப்புதல் இதுதான்.

"வரட்டுமே. நானும் பார்க்கறேன்."

பாய்ந்து கட்டிக்கொண்டாள். அவன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கைகளை நுழைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தான். "உன்னைப் போக விடமாட்டேன்."

"இது போற நேரமில்ல," என்றான். குரல் தேய்ந்திருந்தது.

பாய்ந்தபோது அவள் கையிலிருந்து வாசல் பக்கம் தரையில் நழுவி விழுந்த போன் ஒளிர்ந்தது. ஸ்மிதா. அவன் தோளோரமாகத் தலையைத் திருப்பிப் படித்தாள்.

'பௌதி, அது கடல்தண்ணி வெளியே போய் உள்ளே வர நேரம், தினம் அம்பது நிமிஷம் தள்ளிப் போகும். நாங்க எழுதறது எல்லாம் கிரீன்விச் நேரம். நம்ம ஊருக்கு அஞ்சரை மணி கூட்டணும். ராத்திரிதான் வெளியே. இப்போ உள்ளே வர நேரம்.'

வாளியில் தண்ணீர் தளும்பியது.

விட்டுவிடலாம். கதவு இரண்டடி தூரத்தில்தான். அவள் விடவில்லை.

ரஞ்சனின் கைகள் இரண்டும் அவள் இடுப்பருகே தொங்கிக்கொண்டிருந்தன. அசையவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், அவள் கோத்திருந்த விரல்களின் மேல், ஒரு கை வந்து படிந்தது. சின்னக் கை. வெகுநாள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோல். வசுமதியின் சுண்டு விரலை மெல்லத் தூக்கிப் பிரித்தது.

வசுமதி அதைத் திரும்பவும் மடக்கிக்கொண்டாள்.

அது மறுபடி சுண்டு விரலிலிருந்தே ஆரம்பித்தது. அதற்கு அவசரமே இல்லை.