ஓட்டுபவர் மாறினால் நிற்காத கார்

"பொம்பளை ஓட்டுனா மட்டும் நின்னு போற கார்னு ஒண்ணு உண்டா மேடம்? உண்டுன்னு நீங்க சொன்னா ஒத்துக்கிறேன்."

உட்காரச் சொல்லியும் நாகஜோதி உட்காரவில்லை. விபத்தில் சிக்கிய வண்டிகளைச் சோதித்துக் காரணம் சொல்லும் சர்வேயர் ஐரின், காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய உதவியாளர் இஷாக் அதற்குள் எழுந்து நின்றுவிட்டான். முப்பது வயதாகியும் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும் அவசரம் அவனை விட்டுப் போகவில்லை.

நாகஜோதி நடந்ததைச் சொன்னாள். அவள் கணவன் கண்ணன், ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறான். சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளைத் திண்டுக்கல்லுக்குத் தன் பழைய காரில் அழைத்து வருவது அவள் வேலை. ஒரு மாதமாக அந்தக் கார் ஓடும்போதே அணைந்துவிடுகிறது. நேற்று நல்லுசாமி என்ற நோயாளி பின்னால் படுத்திருக்க, நத்தம் சாலையில் நின்றது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால்தான் தப்பினார்கள்.

"மெக்கானிக் அமீன் பாய் மூணு வாட்டி ஓட்டிப் பாத்து ஒண்ணுமில்லைங்கிறாரு. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் முனியப்பன் ஓட்டுனாரு, நிக்கவே இல்ல. 'உனக்கு ஓட்டத் தெரியல, வண்டிய எங்கிட்டக் குடு'ன்னு டீக்கடையில ஊரறியப் பேசுறாரு. அவரே ஏதோ பண்ணி வச்சிருக்காருன்னு எனக்குத் தோணுது."

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்!" என்றான் இஷாக்.

ஐரின் அவன் பக்கம் திரும்பவில்லை. "நிக்கும்போது மீட்டர்ல செவப்பு லைட்டு எரியுமாம்மா?"

"இல்ல மேடம். எல்லாம் இருட்டாயிரும். பாட்டு, ஏசி எல்லாம் சேந்து நின்னுரும். சாவியத் திருப்பிப் போட்டா உடனே கிளம்பிரும்."

"எந்த மாதிரி எடத்துல?"

"வேகத்தடை, குண்டு குழி. நல்ல ரோட்டுல நின்னதில்ல."

"ஒரு மாசம் முன்னாடி ஏதாச்சும் மாத்துனீங்களா? வண்டியில இல்லாட்டியும் சொல்லுங்க."

"தோட்டத்து மோட்டார் ரூம்ல வயரைக் களவாண்டுட்டானுங்க. பெரிய பூட்டா வாங்கிப் போட்டோம். அம்புட்டுதான்."

இஷாக் ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டான். அவள் வழக்கம்போலக் கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மற்றதை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐரின் அதைப் பார்த்தபடி இருந்தார்.

நகரைச் சுற்றி, ஒரு வேகத்தடையையும் விடாமல் ஓட்டினான் இஷாக். கார் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த நாகஜோதிக்கு முகம் எரிந்தது. ஒருவேளை தப்பு தன் கையில்தானோ? அடுத்த நொடியே அந்த நினைப்பை உதறினாள். ஆறு வருடமாக ஓட்டும் கை இது.

பிற்பகலில் எல்லோரும் மெக்கானிக் அல் அமீனின் பட்டறையில் கூடினார்கள். முனியப்பனும் வந்திருந்தார்.

"ஓட்டத் தெரியாததுக்கு ஒரு பஞ்சாயத்தா?" என்றார் முனியப்பன்.

"பெட்ரோல் வராம நின்னா இன்ஜின் மட்டும்தான் நிக்கும். லைட்டு எரியும், பாட்டு பாடும்," என்று நிதானமாகத் தொடங்கினார் ஐரின். "இங்க எல்லாமே ஒண்ணா அணையுது. ஓட்டுறவங்களே சாவியத் திருப்பி அணைச்ச மாதிரி."

"நான் அணைக்கல மேடம்!"

"நீங்க அணைக்கல. ஆனா உங்களுக்கும் இவங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. ஆம்பளை, பொம்பளைங்கிறது இல்ல. இடுப்புல இருக்கிற கொத்தக் குடுங்க."

வீட்டுப் பூட்டு, கொட்டகைப் பூட்டு, மோட்டார் ரூம் பூட்டு என்று கனத்த பித்தளைச் சாவிகள். நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த காரின் சாவியில் ஐரின் அந்தக் கொத்தை மாட்டி, குழியில் இறங்கினால் ஆடுகிற அளவுக்குத் தட்டினார். கார் சட்டென்று அணைந்தது. கொத்தைக் கழற்றி மீண்டும் கிளப்பி, வெறும் சாவியை ஆட்டினார். அணையவில்லை.

"நீங்க யாருக்குக் குடுத்தாலும் ஒத்தச் சாவியத்தான் குடுக்கிறீங்க. நீங்க ஓட்டும்போது மட்டும், ஒரு மாசமா சேந்த பெரிய பூட்டுச் சாவியோட மொத்தக் கனமும் தொங்குது."

அல் அமீன் சாவி போடும் இக்னிஷன் சுவிட்சைப் பிரித்தார். உள்ளே தகடுகள் தேய்ந்து கருகியிருந்தன. "பம்பு, பிளக்கு எல்லாம் பாத்தேன். இத விட்டுட்டேன்மா," என்றார்.

நாகஜோதி முனியப்பன் எதிரில் வந்து நின்றாள். "மாமா, நீங்கதான் ஏதோ பண்ணீங்கன்னு நெனச்சேன். அது என் தப்பு, மன்னிச்சிருங்க."

"அதுக்கென்ன ஆத்தா. கொஞ்ச நாளைக்கு வண்டிய நானே..."

"வண்டி என்னோடது. நான்தான் ஓட்டுவேன்."

புதுச் சுவிட்ச் மாட்டி முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கார் சாவியைத் தனி வளையத்தில் கோத்து வண்டியைக் கிளப்பினாள். ஊர் திரும்ப வேண்டிய முனியப்பன், யாரையும் பார்க்காமல் பின்கதவைத் திறந்தார்.

"முன்னாடி உக்காருங்க மாமா," என்றாள் நாகஜோதி. "டீக்கடையில நிறுத்துவேன். ஓட்டுனவ மேல தப்பில்லன்னு எறங்கிச் சொல்லிட்டு ஏறுங்க. அப்பறம் வீட்டுக்குப் போவோம்."