மாப்பிள்ளை வீட்டு ஆளாக இருக்கும்

மேடையில் நின்ற எல்லார் மீதும் ஃபிளாஷ் விழுந்திருந்தது, ஒருவரைத் தவிர.

அவள் கேமராவின் பின்பக்கத் திரையில் வெளிச்சம் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மணப்பெண்ணின் மாமா வழுக்கை மின்ன, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். மாமாவின் மனைவி, கொடுத்த காசுக்கு வஞ்சகம் வைக்காமல் பூசிய முகத்தோடு, பளிச்சென்று நின்றிருந்தாள். இருவருக்கும் நடுவில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர். அவர் மட்டும் விளக்கணைந்த அறைக்குள் நிற்கிறவரைப் போல மங்கலாக இருந்தார். முன்னால் யாரும் மறைக்கவில்லை. பின்னால் இருந்த சுவர்கூட வெளுப்பாக விழுந்திருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பெயர் வாங்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனாலும் இந்த மண்டபம் கோணல்தான். கூரைக்கு யாரோ ஒரு புண்ணியவான் பச்சைப் பெயின்ட் அடித்துவைத்திருந்தான். வழக்கம்போல ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி அடித்தால், அந்தப் பச்சை அப்படியே இறங்கி மணப்பெண்ணை மஞ்சள் காமாலைக்காரியாக்கிவிடும். அதனால் ஃபிளாஷைச் சற்றே முன்பக்கம் சாய்த்து, அதன் தலையில் டிஃப்யூசரை, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தொப்பியை, மாட்டியிருந்தாள். ஷட்டரையும் மெதுவாக வைத்திருந்தாள். அப்படி எடுத்தால் ஒரு படத்துக்குள் இரண்டு வெளிச்சம் வந்து சேரும். கண்ணிமைப்பதற்குள் வந்து போகிற ஃபிளாஷ் ஒன்று. அது போன பிறகும் மெல்ல ஊறி நிறைகிற மண்டப விளக்கின் மஞ்சள் ஒன்று. முகம் தெளிவாகவும் இருக்கும், இடம் செத்துப்போகாமலும் இருக்கும். இத்தனை வருடமாக அவளுக்குச் சோறு போடுவது இந்தக் கலவைதான்.

கோட்டுக்காரர் மேல் விழுந்திருந்தது இரண்டாவது வெளிச்சம் மட்டும்.

ஃபிளாஷ் சரியாக மின்னேறியிருக்காது என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். அப்படியானால் மற்றவர்களும் அல்லவா இருண்டிருக்க வேண்டும் என்று மனம் திருப்பிக் கேட்டது. அதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லை. தலைக்கு மேல் வேலை கிடந்தது. ஃபிளாஷ் மறுபடி மின்னேறும்போது எழுகிற மெல்லிய கீச்சொலி காதருகே கொசுவைப் போலச் சுற்ற, புதுப் பெயின்ட் வாடையும் வாடிய பூ வாடையும் வியர்வையும் கலந்த காற்று மேடையைச் சுற்றியே நிற்க, அடுத்த வரிசையை ஏற்றினாள்.

மேடைப் படிக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் மகள் குட்டி காலாட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு இன்று காய்ச்சல். வேறு வழியில்லாமல் மஞ்சள் கவுனை மாட்டிக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். நாற்காலியை விட்டு இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஆறு வயதுச் சத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்று தாய்க்குத் தெரியாதா.

"எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. தள்ளித் தள்ளி நின்னா சண்டைக்காரங்க மாதிரி இருக்கு. தோள்ல கை போட்டுக்கோங்க."

சிரித்தார்கள். நெருங்கினார்கள். கோட்டுக்காரர் இப்போதும் வரிசையில் இருந்தார். மாமாவின் தோளில் கை போட்டிருந்தார்.

யார் அவர் என்று, இறங்கிப் போன மாப்பிள்ளையின் அண்ணனிடம் கேட்டாள்.

"அவரா? பொண்ணு வீட்டுப் பெரியவரு போல."

ஒவ்வொரு கல்யாண வரவேற்பிலும் இப்படி ஒருவர் உண்டு. இரண்டு வீட்டாரும் அவரை மற்ற வீட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் ஒரு பிடி பிடித்துவிட்டு, மணமக்களை வாழ்த்திவிட்டு, யார் கணக்கிலும் சேராமல் போய்விடுவார். அவளுக்கு அப்படிப்பட்டவர்கள் மேல் கோபம் கிடையாது. ஒரு வாய்ச் சோறுதானே.

சத்தியம் அடுத்த வரிசையில் முறிந்தது. கேமராவின் கண்ணுக்குள், ஓரத்தில், மஞ்சளாக ஏதோ நுழைந்தது. மணப்பெண்ணின் உடையைத் தொட்டுப் பார்க்கக் குட்டி மேடையேறி வந்திருந்தது. எல்லாரும் சிரிப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு நிற்கிறார்கள்; இந்த நொடியை விட்டால் யாராவது கண்ணை மூடிவிடுவார்கள். அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஓரத்தில் தெரிந்த யாரோ ஒருவரிடம் சொன்னாள்.

"சார், அந்தப் பாப்பாவைக் கொஞ்சம் கையப் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுடுங்க சார்."

ஒரு கை நீண்டது. மஞ்சள் நிறம் சட்டத்தை விட்டு வெளியே போயிற்று. ஃபிளாஷ் வெட்டியது. படம் நன்றாக வந்தது.

பிறகு பேட்டரி மாற்றத் தூண் மறைவுக்கு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே அந்தி நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. பழைய பேட்டரிகள் கைக்குள் சூடாக இருந்தன. எடுத்த வரைக்கும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள்.

மாமாவும் மாப்பிள்ளையும் மட்டும் நின்ற படம் ஒன்று வந்தது. கோட்டுக்காரர் அதில் இல்லை. மாப்பிள்ளை மேல் ஃபிளாஷ் விழுந்திருந்தது. மாமா மேல் விழவில்லை.

அவள் விரல் நின்றது.

பின்னோக்கிப் புரட்டினாள். முதல் படங்களில் மாமாவின் வழுக்கை மின்னியது. பிறகு தோளில் கை போட்ட படம். அதற்குப் பிறகு வந்த எதிலும் மின்னவில்லை. மங்கலாக, லேசாகக் கலங்கி, மண்டப விளக்கின் மஞ்சளில் மட்டும் இருந்தார். கண்ணைப் படத்தருகே கொண்டுபோனாள். அவர் சட்டையின் ஊடாக, பின்சுவரில் ஒட்டிய பூவேலையின் கோடு தெரிந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாமா உயிரோடு, முழுசாக, அதோ நின்றிருந்தார். ஆனால் சற்று முன்பு வரை ஒவ்வொரு மேசையாகப் போய்க் கலகலத்தவர், இப்போது சுவரோரம் தனியாக நின்று, யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா? அங்க தனியா நிக்கிறாரே."

"யாரு?"

அவள் கைகாட்டினாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். நிதானமாக, மரியாதையாக, முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என் கூட யாரும் வரலைம்மா. அவரு மாப்பிள்ளை வீட்டு ஆளா இருக்கும்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது. கேமராவின் ஓரத்தில் நீண்ட கை. அதன் சட்டைக் கை.

சாம்பல் நிறம்.

கேமரா நெஞ்சில் மோத மோத ஓடினாள். நாற்காலிகளை இடித்தாள், யாரோ முணுமுணுத்தார்கள். அவளே சொன்னாள். அவள் வாயாலேயே. சார் என்று மரியாதையாக வேறு கூப்பிட்டு, பெற்ற பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். முகத்தைப் பார்க்கவில்லை. சட்டத்துக்குள் இருப்பவர்களைத் தவிர எந்த முகத்தையும் அவள் பார்ப்பதில்லை.

குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. காலாட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. வாரி அணைத்தாள். பிள்ளையின் எலும்பும் சூடும் எண்ணெய் வாசமும் அப்படியே இருந்தன.

"அம்மா, வலிக்குது."

"அந்தச் சார் எங்கடி?"

"அவரா? அவரு கை ஜில்லுன்னு இருந்துச்சும்மா. பிடிச்சுக்கிட்டே இருந்தாரு."

"எவ்ளோ நேரம்?"

"தெரியல."

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. அவள் ஃபிளாஷின் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தாள். ஃபிளாஷை நேராக முன்பக்கம் திருப்பினாள். ஷட்டரை அது தாங்கும் எல்லைக்கு வேகமாக்கினாள். இப்படி எடுத்தால் மண்டப விளக்குக்கு ஊற நேரம் இருக்காது. மஞ்சள் ஒரு துளி சேராது. ஃபிளாஷ் தொடுவது மட்டும் விழும். மிச்சமெல்லாம் கறுப்பு.

குட்டியின் கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். வலது கை ஒன்றாலேயே கேமராவைத் தூக்கினாள். கனத்தது. அழுத்தினாள்.

பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள்.

நாற்காலி துல்லியமாக விழுந்திருந்தது. சிவப்புத் துணி. அதில் ஒரு தையல் பிரிவு. அவளுடைய இடது கை. நகத்தின் ஓரம், மணிக்கட்டில் புடைத்த நரம்பு, எல்லாம். விரல்கள் ஐந்தும் மடங்கி, ஒரு சின்னக் கையின் அளவுக்கு இடம் விட்டு, ஒன்றுமில்லாததை இறுகப் பிடித்திருந்தன.

அந்தக் கைக்குள் இப்போதும் சூடு இருந்தது. அசைந்தது.

"நல்லா வந்திருக்காம்மா?"

"வந்திருக்குடா செல்லம். நல்லா வந்திருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். மாமாவின் மனைவி மறந்தாள். நான் மறக்க மாட்டேன். அவள் கட்டினவள், நான் பெற்றவள். பத்து மாதம் சுமந்தவள். மறந்துவிடுவேனா. வாய்க்குள்ளேயே சொல்லத் தொடங்கினாள். என் பிள்ளை. ஆறு வயது. மழை நாளில் பிறந்தாள். முன்பல் விழுந்திருக்கிறது. மேல் பல். இல்லை, கீழ்ப் பல்லா. வாயைத் திறடி என்று சொல்லிப் பார்த்தாள். மேல் பல்தான். சரி. பள்ளிக்கூடத்தில் பெயர். வீட்டில் குட்டி. பள்ளிக்கூடத்தில்.

பள்ளிக்கூடத்தில்.

நாக்கின் நுனியில் இருந்தது. வரவில்லை. மழை நாளில் பிறந்தது யார். தங்கை மழை நாளில் பிறந்தாள். தங்கைக்குக் காய்ச்சல். அதனால். அதனால் என்ன. காய்ச்சல் என்றால் நான் ஏன் எதையோ பிடித்துக்கொண்டு.

கையை இறுக்கினாள். இறுக்கிக்கொண்டே இருந்தாள். விடக் கூடாது. அது மட்டும் தெரிந்தது. ஏன் என்பது அவளுக்குள் எங்கோ மெல்ல அணைந்துகொண்டிருந்தது.

"அக்கா, எங்க போயிட்டீங்க?" மேடையிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் கூப்பிட்டார். "எல்லாரும் நிக்கிறாங்க. சீக்கிரம் வாங்க."

வரிசை தயாராக இருந்தது. நெருங்கி, தோளில் கை போட்டு, சிரிப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் தொப்பியை எடுத்து மாட்டினாள். ஷட்டரை மெதுவாக்கினாள். பச்சைக் கூரை, மஞ்சள் விளக்கு, எல்லாம் பழையபடி. கேமராவைத் தூக்கினாள். ஒரு கையால் நிற்கவில்லை, ஆடியது. கேமராவுக்கு இரண்டு கையும் வேண்டும். இடது கையில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தாள். மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. அழகான குழந்தை. முன்பல் விழுந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தையாக இருக்கும்.

"பாப்பா, அந்தப் பக்கம் போய் நில்லும்மா. ஆன்ட்டி படம் எடுக்கணும்."

குழந்தை விடவில்லை. அம்மா என்றது. பாவம், தாயைத் தேடுகிறது. அவள் சிரித்துக்கொண்டே, வலிக்காமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். இரண்டு கையாலும் கேமராவை நிறுத்திப் பிடித்தாள்.

"ரெடி. எல்லாரும் இங்க பாருங்க."

ஃபிளாஷ் வெட்டியது. மஞ்சள் ஊறியது. ஷட்டர் மூடியது.

திரையைப் பார்த்தாள். முகங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. யாரும் கண்ணை மூடவில்லை. வலது ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு சாம்பல் கோட்டின் விளிம்பும், அதன் கையிலிருந்து திமிறி, கேமராவைப் பார்த்து வாய் பிளந்து கதறுகிற ஒரு சின்ன முகமும், அதன் வழியே சுவரின் பூவேலையும் தெரிந்தன.

ஆல்பத்தில் வைக்கும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வரிசையைக் கூப்பிட்டாள்.