நடுத்துண்டு

மதியச் சாப்பாடு முடிந்ததும் அருளப்பன் அக்காவின் பக்கத்துக் கட்டிலில் படுத்து, கனவிணைப்பியின் பட்டையை அவள் நெற்றியிலும் தன் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டான். அவளுடைய பணத்தைத் தொட வேண்டுமென்றால் அவளுடைய கனவுக்குள் போய்த்தான் கேட்க வேண்டும். அதுதான் சட்டம்.

லூர்தம்மாளுக்கு நினைவு கலங்கிய பிறகு அவளுடைய சேமிப்புக்குத் தம்பியே காப்பாளர். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களிடம் கைநாட்டு வாங்கிச் சொந்தபந்தமே சொத்தைச் சுருட்டியது. விழிப்பில் கலங்கிய மனம் கனவில் தெளிந்திருக்கும் என்று கண்டுபிடித்ததும் அந்தக் கூத்து ஓய்ந்தது. கேட்பவர் உண்மை சொல்கிறாரா, கொடுப்பவர் மனசாரக் கொடுக்கிறாரா என்று மட்டும் கனவிணைப்பி பார்க்கும். இரண்டும் சரியென்றால் பட்டையில் நீலம் மின்னும், பணம் நகரும். பொய் சொன்னால் கனவு அறுந்துவிடும்.

கண்ணயர்ந்ததும் தூத்துக்குடி வீட்டின் பழைய அடுப்படி வந்தது. தரையெல்லாம் கணுக்கால் அளவு கடல்நீர். பாவாடை சட்டையில் அக்கா மீன்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் சின்னப் பையனாகியிருந்தான்.

"வந்துட்டியா? என்னல வேணும்?"

போன தடவை தன் வீட்டு மாடி ஒழுகுவதைச் சொல்லிக் கேட்டிருந்தான். உடனே அக்கா மீனின் நடுத்துண்டை அவன் தட்டில் வைத்தாள், நீலம் மின்னியது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சட்டமே சரியென்றபோது அவனுக்கென்ன? அவனுடைய சொந்தக் கையிருப்பும் அந்த மாடியோடு போயிற்று.

"உனக்கு நெஞ்சுல ஆபரேஷன் செய்யணும்க்கா. இந்த மாசமே செய்யணுமாம். உன் பணத்துல செய்யட்டா?"

"எனக்கு எதுக்குல அம்புட்டுச் செலவு? எனக்கு வால்துண்டு போதும். உன் பிள்ளைகளுக்கு வையி."

கெஞ்சினான். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதே தவிர நீலம் மின்னவில்லை. அவள் மறுத்ததும் மனசாரத்தான்.

மறுநாள் தந்திரம் செய்தான். "எனக்குத்தான் வேணும்க்கா, கடை வைக்க" என்றான். கனவு அறுந்து, வியர்த்து எழுந்தான். பக்கத்தில் அக்கா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த மதியம் தந்திரம் எதுவும் கையில் இல்லை. தண்ணீரில் உட்கார்ந்து அழுதான்.

"நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா அக்கா? நீ எனக்கு வேணும். எனக்காகத்தான் கேக்கேன்."

கனவு அறுபடவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கா? அத முதல்லயே சொல்லக் கூடாதா?"

நடுத்துண்டு அவன் தட்டில் விழுந்தது.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. மூச்சு சீரானது. ஆண்டுத் தணிக்கைக்குக் காப்பாளர் அலுவலகத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வீட்டுக்கு வந்தாள். மாடிச் செலவைப் பார்த்து, "மனசாரக் கொடுத்திருக்காங்க, குறையில்லை" என்றாள். சிகிச்சைச் செலவுக்கான கனவுப் பதிவைப் படித்ததும் நின்றுவிட்டாள்.

"இதை முதல்ல மறுத்திருக்காங்க. நீங்க அழுது, உங்களுக்காகன்னு வாங்கியிருக்கீங்க. இது வற்புறுத்தல் சார்."

"ஆபரேஷன் அவளுக்குத்தானம்மா நடந்துச்சு."

"அப்போ எனக்காகன்னு சொன்னது பொய்யா? கனவுல பொய் சொல்ல முடியாதே."

அது பொய்யில்லை. இனி அலுவலகமே காப்பாளர் என்று சொல்லி, அவள் பட்டைகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

"மாத்திரைக்கெல்லாம் யாரும்மா கேப்பா?"

"நாங்க கேட்போம் சார். ரொம்ப மரியாதையா கேட்போம்."

லூர்தம்மாள் சாப்பிட்டுக்கொண்டே தம்பியை உற்றுப் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை. ஆனாலும், "சாப்பிட்டியா?" என்று கேட்டுத் தன் மீன்துண்டை அவன் பக்கம் தள்ளினாள்.

அருளப்பன் அதைத் திரும்ப அவள் தட்டிலேயே வைத்தான். நாளை முதல் அவளுடைய கனவுக்குள் போகிறவர்கள் உண்மையைத்தான் சொல்வார்கள். 'நீ எனக்கு வேணும்' என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியாது.